தட்டில் செத்த கிருமி

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவர். கட்சிக்காரர்கள் யாரும் 'ரிசர்வ்டு' என்று எழுதி வைக்காமல் விட்டுவிட்ட சுவர் என்பதால், சகலருக்கும் அதில் இடம் உண்டு. மூல பவுத்திரம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, டுடோரியல் காலேஜ். நடுவில் மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து நோட்டீஸ் ஒன்று: 'உயிர்க்கொல்லி நோயா? கவலை வேண்டாம். மூன்றே மண்டலத்தில் பூரண குணம். ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது.' கீழே செல்போன் நம்பர்.

எய்ட்ஸ் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. ஹெச்.ஐ.வி.யும் இல்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

சும்மா இருக்க முடியவில்லை. போன் போட்டேன்.

"சொல்லுங்க சார். பேஷன்ட் உங்களுக்கு யாரு?"

"சொந்தக்காரப் பையன். கரிமூட்டம் போடுற வேலை. ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

"மொதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க சார். ரெண்டும் ஒண்ணா சேராது. சூடு ஏறிரும்."

"உங்க மருந்து கேட்குமா?"

"லேப் ரிப்போர்ட் இருக்கு சார். மனுச செல்லுல வைரஸை விட்டு, நம்ம மருந்தை ஊத்திப் பார்த்துட்டாங்க. தொண்ணூறு பர்சென்ட் க்ளோஸ்!"

"யாரோட செல்லுங்க அது?"

"என்ன சார்?"

"இல்ல... எந்த செல்லு, எந்த வைரஸுன்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீங்க பத்திரிகையா சார்?" என்றார். லைன் கட்.

அவர் சொன்னது பச்சைப் பொய் என்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. போலீஸுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. ஆனால், அவர் கையில் இருக்கும் ரிப்போர்ட் உண்மையாகவே இருக்கலாம். ஏதோ ஓர் ஆய்வகத்தில், ஏதோ ஒரு தட்டில், அந்தக் கஷாயம் கிருமியை நிஜமாகவே கொன்றிருக்கலாம். தட்டில் ஹெச்.ஐ.வி. சாவது ஒரு பெரிய விஷயமே இல்லை சார். சோப்புத் தண்ணீரில் சாகும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் சாகும். கொதிக்கிற ரசத்தை ஊற்றினாலும் சாகும். என்ன, ரசத்தை ஊற்றினால் தட்டில் இருக்கும் மனித செல்லும் கூடவே செத்துப்போகும். அந்த விவரம் ரிப்போர்ட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் படிக்க வேண்டும். சுவரில் ஒட்டுகிற நோட்டீஸில் வராது.

'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்ற அந்த இரண்டு வார்த்தைகள்தான் என் சண்டைக்கே காரணம். அதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை விட அதனால்தான் அது அதிகம் விற்கிறது.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். செல் என்றால் ரொம்ப நாளைக்கு சட்டைப் பையில் இருக்கும் சாமான்தான் ஞாபகம் வரும். ஆகவே எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

ஹெச்.ஐ.வி. தனியாகப் பிழைக்கத் தெரியாத ஜந்து. மனித செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதிலும் அது தேடிப் போவது, நம் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு வேலையை மேஸ்திரி மாதிரி நின்று நடத்துகிற 'சிடி4' என்ற வெள்ளை அணுக்களை. திருடனைப் பிடிக்கும் போலீஸ் ஸ்டேஷனிலேயே திருடன் குடியேறிய கதை. அந்த அணு அப்போது என்ன செய்கிறது, எப்படி எதிர்க்கிறது, எங்கே தோற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உடம்புக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டில் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒருவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளை அணுக்கள், எவ்வளவு சீராட்டினாலும் வெளியே அதிக நாள் தாங்காது. ஒவ்வொருவர் அணுவும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். திங்கள்கிழமை ராமசாமியின் ரத்தத்தில் கிடைத்த கணக்கு, வியாழக்கிழமை குப்புசாமியின் ரத்தத்தில் டேலி ஆகாது.

அதனால் விஞ்ஞானிகள் சாகாத செல்லைத் தேடிப் போனார்கள். சாகாமல் பெருகிக்கொண்டே இருப்பதற்குப் பெயர் புற்றுநோய். உலகம் முழுக்க ஹெச்.ஐ.வி. ஆராய்ச்சியில் ஓடிக்கொண்டிருக்கும் 'ஜர்காட்' என்ற செல் வரிசை, 1970-களில் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பதினான்கு வயதுப் பையனுடைய அணுக்களின் வாரிசு. 'சி.இ.எம்.' என்ற இன்னொன்று, அதே நோய் வந்த ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து 1960-களில் எடுத்தது. மருந்து பலிக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் 'டி.இஸட்.எம்.-பி.எல்.' என்ற செல் இருக்கிறதே, அது நோய் எதிர்ப்பு அணுவே கிடையாது! 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் செத்துப்போன ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்லின் வம்சம். அதில் ஹெச்.ஐ.வி. நுழைவதற்கான கதவுகளை மரபணு வேலை செய்து பொருத்தி, உள்ளே வைரஸ் நுழைந்தால் ஒளிரும்படி ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் மணி அடிக்கும் கடை மாதிரி. (அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும், அவர் செல்லை வைத்துச் சம்பாதித்த ஒரு பெரிய கம்பெனிக்கும் 2023-ல்தான் சமரசம் ஆனது. 72 வருஷம்!)

இவற்றை 'மாடல்' என்கிறார்கள். சரியான வார்த்தை. வீடு கட்டுவதற்கு முன்னால் இன்ஜினீயர் தெர்மோகோலில் ஒன்று செய்து காட்டுவாரே, அதுவும் மாடல்தான். வாசல் எந்தப் பக்கம், மாடிப்படி இடிக்குமா என்றெல்லாம் அதில் பார்க்கலாம். ஐப்பசி மழையில் ஒழுகுமா என்று பார்க்க முடியாது.

தெர்மோகோல் வீடு என்றதும் தட்டை நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தட்டு இல்லாவிட்டால் நாமெல்லாம் இருட்டில்தான் நின்றிருப்போம்.

1983-ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தானியே குழுவினர் ஒரு நோயாளியின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த செல்களில் இந்த வைரஸைப் பிடித்தார்கள். பிடித்ததும் அடுத்த தலைவலி. வைரஸ் வளர வளர, அது தங்கியிருந்த செல்கள் செத்து விழுந்தன. ரத்த வங்கியிலிருந்து புது வெள்ளை அணுக்களை வாங்கி வந்து தட்டில் சேர்த்துச் சேர்த்துத்தான் அதைக் காப்பாற்றினார்கள். நோயைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் வேண்டுமென்றால், இந்த வைரஸ் குடம் குடமாகத் தேவை. சாகிற செல்லை வைத்துக்கொண்டு குடம் எப்படி நிரப்புவது?

மறு வருஷம் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகத்தில் மிகுலாஸ் போப்போவிச் என்பவர், வைரஸ் புகுந்தும் சாகாமல் பெருகிக்கொண்டே போகும் ஒரு புற்றுநோய் செல்லைக் கண்டுபிடித்தார். 'ஹெச்9' என்று பெயர் வைத்தார்கள். (அது வேறொரு ஆய்வகத்தார் உருவாக்கிய 'ஹட்78' என்ற செல்லின் கிளைதான் என்பது பின்னால் மரபணு ரேகை பார்த்தபோது வெளியே வந்தது. வைரஸே பாரிஸிலிருந்து போனதுதான் என்ற சண்டையும் வந்து, ராயல்டியைப் பங்கு போட 1987-ல் ரீகனும் ஷிராக்கும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. விஞ்ஞானத்திலும் பங்காளிச் சண்டை உண்டு.) அந்தச் செல்லில் வளர்த்த வைரஸின் புரதத்தைத் தட்டில் பூசி, மேலே நம் ரத்தத்தின் தெளிந்த நீரை ஊற்றினால், அதில் ஹெச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொண்டு நிறம் மாறும். எலைசா டெஸ்ட். 1985 மார்ச்சில் அமெரிக்க அரசு அதற்கு லைசென்ஸ் கொடுத்தது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1986 பிப்ரவரி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இந்த வேலையில் இறக்கிவிடுகிறார். மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்து, பத்திரப்படுத்த வேறு வழியில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார் நிர்மலா. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் ஆய்வகத்தில் எலைசா. ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை, இது கலாசார பூமி என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடியது அன்றைக்குத்தான். எங்கோ ஒரு நோயாளியின் உடம்பில் சாக மறுத்த ஒரு செல், காட்பாடி வரை வந்து நம் ஊர் உண்மையைச் சொன்னது.

இன்றைக்கும் ஒவ்வொரு ரத்த வங்கியிலும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அந்த வகை டெஸ்ட்தான் காவல். காவலை ஏமாற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குத் தெரியும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஹெச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசியில் ரத்தம் கொடுத்த அந்த இளைஞருக்கு, முன்பே ஒருமுறை கொடுத்தபோதே கிருமி இருப்பது தெரிந்திருந்தும் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று செய்தி வந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்துகொண்டு, அவரே ஓடிவந்து, 'என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்' என்று சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பையன் இன்று இல்லை. அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லி 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆய்வகம் தன் வேலையைச் செய்து கொடுத்துவிட்டது; ரிஜிஸ்டரைத் திறந்து பார்க்காதவன் செய்யவில்லை. ஆனால், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் ஜனங்கள் எதைச் சொல்கிறார்கள்? 'ஆஸ்பத்திரியையே நம்ப முடியலண்ணே.' மஞ்சள் நோட்டீஸ்காரருக்குக் கடை விரிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

சரி, தட்டின் மறுபக்கத்துக்கு வருவோம்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பிரமாதமான யோசனை. வைரஸ் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவது சிடி4 என்ற கைப்பிடியை. அந்தக் கைப்பிடியை மட்டும் தனியாகச் செய்து ரத்தத்தில் மிதக்க விட்டால்? வைரஸ் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நிஜ செல் தப்பிக்கும். தட்டில் சோதித்தார்கள். அபாரமான ரிசல்ட். நோயாளிக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று 1990-ல் தெரிந்தது. நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த வைரஸை அடக்க, ஆய்வக வைரஸுக்குத் தேவைப்பட்டதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு மருந்து தேவைப்பட்டது. வருஷக்கணக்கில் தட்டிலேயே வளர்ந்த வைரஸ், எதிரியையே பார்க்காமல், காவலையெல்லாம் தளர்த்தி உட்கார்ந்திருந்தது. சொகுசாக வளர்ந்த பிராய்லர் கோழி அது. அதை அமுக்கிப் பிடித்துவிட்டு, சண்டைச் சேவலையே பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கதை இன்னும் பாவம். ஜப்பானில் கடையிலேயே கிடைத்த மருந்து. தட்டில் ஹெச்.ஐ.வி.யைத் தடுத்தது. ஏதாவது ஒரு மருந்து வராதா என்று தவித்த அமெரிக்க நோயாளிகள், அதிலும் நன்றாகப் படித்த, இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிற ஆட்கள், ஜப்பானிலிருந்து தருவித்து விழுங்கினார்கள். வாய்வழியாகச் சாப்பிட்டால் அது ரத்தத்திலேயே கலப்பதில்லை என்று 1989-ல் தெரிந்தது. தட்டுக்குக் குடல் கிடையாது. ஈரல் கிடையாது. சிறுநீரகம் கிடையாது. மருந்தை நேராகச் செல்லின் தலையிலேயே ஊற்றுகிறார்கள். திருச்சுழிக்காரர் குடிக்கும் கஷாயம் இவ்வளவு செக்போஸ்ட்டையும் தாண்டி அந்த அணுவைப் போய்ச் சேர வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே கதை. 'எய்ட்ஸ்வாக்ஸ்' என்ற ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் உண்டான ஆன்டிபாடி, தட்டில் ஆய்வக வைரஸை அமுக்கியது. ஐயாயிரம் பேருக்கு மேல் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2003-ல் வந்தபோது, பலன் பூஜ்யம். மெர்க் கம்பெனியின் ஊசி வேறு வழியில் போனது. அதைப் போட்டவர்களின் வெள்ளை அணுக்களை எடுத்து, வைரஸின் துண்டுகளைக் காட்டினால், தட்டில் புள்ளி புள்ளியாகப் பதில் கொடுத்தன. 2007-ல் அதையும் பாதியில் நிறுத்தினார்கள். தட்டில் புள்ளி விழுந்தது; ஆளைக் காப்பாற்றவில்லை.

சென்னைக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. நம் ஊர் வைரஸின் மரபணுத் துண்டுகளை வைத்தே செய்யப்பட்ட 'டி.பி.சி.-எம்4' என்ற தடுப்பூசியின் சோதனையில், சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-ல் 32 பேர் தாங்களாக முன்வந்து கலந்துகொண்டார்கள். எய்ட்ஸ் என்ற வார்த்தையைச் சொன்னாலே வீடு காலி பண்ணச் சொல்லும் காலம் அது. அந்த 32 பேருக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைக்க வேண்டியதுதான். அவர்களுடைய அணுக்களிலும் புள்ளிகள் விழுந்தன. 'பாதுகாப்பானது, எதிர்ப்பு சக்தி மிதமாகத் தூண்டப்படுகிறது' என்று உள்ளதை உள்ளபடி ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். பெரிய கட்டச் சோதனைக்கு அந்த ஊசி போகவில்லை. கவனியுங்கள்: கோடிக்கணக்கில் செலவு செய்து, மனிதர்களிடமே சோதித்து, அணுக்களில் நல்ல பதிலையும் பார்த்தவர்கள், 'மிதமானது' என்று எழுதுகிறார்கள். ஒரே ஒரு தட்டில் ஒரே ஒரு முறை ஊற்றிப் பார்த்தவர் 'பூரண குணம்' என்று சுவரில் ஒட்டுகிறார். யார் விஞ்ஞானி, யார் வியாபாரி என்று கண்டுபிடிக்க எம்.பி.பி.எஸ். எல்லாம் வேண்டாம். வார்த்தையின் கனத்தைப் பார்த்தாலே போதும்.

இன்னொரு கோஷ்டியிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது. 'பிளாஸ்டிக் தட்டில் செல் வளர்க்கக் கோடி கோடியா கொட்டணுமா? குண்டாறு காய்ஞ்சு கெடக்கு, குடிக்கத் தண்ணி இல்ல' என்பவர்கள். நியாயமான கோபம் மாதிரிதான் தெரியும். எங்கள் மாவட்டத்தைப் பின்தங்கிய மாவட்டம் என்று தில்லியே 2018-ல் ஒத்துக்கொண்டு, 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று அழகாகப் பெயரும் வைத்தது. அதனால் தண்ணீர்க் கோபம் எனக்கும் உண்டு. ஆனால், கணக்கு வேறு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது 'பி' வகை ஹெச்.ஐ.வி. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் 'சி' வகை. உலகத்தில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பது இந்த 'சி'தான். ஆனால், ஆய்வகத் தட்டுகளில் பல காலம் ராஜாவாக இருந்தது 'பி' வகை. காரணம் எளிது: பணம் இருந்த ஊரில் அந்த வைரஸ் இருந்தது. பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு ஆராய்ச்சி மையத்தில் உதய்குமார் ரங்கா என்ற விஞ்ஞானி, 'சி'யைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்தார். அவர் குழு கண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நம் வெள்ளை அணு ஓர் எதிரியைப் பார்த்ததும் விழித்துக்கொள்ள, அதற்குள் ஒரு சுவிட்ச் போடுகிற புரதம் உண்டு. வைரஸ் என்ன செய்கிறது என்றால், அதே கை போடும்படியான சுவிட்சைத் தன் மரபணுவிலும் வைத்திருக்கிறது. அணு சண்டைக்கு எழுந்தால், அதே நொடியில் வைரஸும் எழுந்து பெருக ஆரம்பிக்கும். நம் கரன்ட்டில் அவன் மோட்டார் ஓடுகிறது! 'பி' வகையில் அந்த சுவிட்ச் இரண்டு. 'சி' வகையில் மூன்று. ரங்கா குழு, இந்திய நோயாளிகள் சிலரிடம் நான்கு சுவிட்ச் உள்ள வைரஸைக் கண்டது. செல் மாடல்களில் வைத்துப் பார்த்தபோது, நான்கு உள்ளது மற்றதை விட வேகமாக இயங்கியது. 2012-ல் அதை வெளியிட்டார்கள். இதை பாஸ்டன்காரன் வந்து கண்டுபிடித்துக் கொடுப்பானா? அவன் தட்டில் நம் வைரஸ் இருந்தால்தானே!

2001-ல் இந்தியாவின் சிப்லா கம்பெனி, வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ உயிர் பிழைத்தது. அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால், அந்த மருந்து ஒவ்வொன்றும் முதலில் பலித்தது அடுத்தவன் தட்டில், அடுத்தவன் செல்லில், அடுத்தவன் வைரஸில். நாம் மலிவாகச் செய்து கொடுத்தோம். சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழும் நாடு, சொந்த வைரஸுக்குச் சொந்தத் தட்டு வைத்துக்கொள்வதை ஆடம்பரம் என்றால், பி.காம். முதல் வருஷ மாணவன்கூட அந்தக் கணக்கைத் தப்பு என்று அடித்துவிடுவான். ஆராய்ச்சிக்காக நோயாளிகள் கொடுக்கிற ஒவ்வொரு பத்து மில்லி ரத்தமும் இதற்குப் போட்ட முதல். அவர்களில் பலர் தினக்கூலிகள்.

'அப்படின்னா ஏன் இன்னும் முழுசா குணமாகல?' நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். சீமைக்கருவேலம். வெட்டுவோம், மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுவோம், காடு சுத்தமாகிவிட்டது மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்யட்டும். மண்ணுக்குள் தூங்கிய விதையெல்லாம் முளைத்துவிடும். ஹெச்.ஐ.வி.யும் சில அணுக்களின் மரபணுவுக்குள் விதையாகத் தூங்குகிறது. ஆஸ்பத்திரி மாத்திரை முளைத்ததையெல்லாம் வெட்டுகிறது. முளைக்க விடாமல் காக்கிறது. விதையைத் தொட அதனால் முடியாது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் காடு திரும்பி வந்துவிடும்.

இந்தத் தூக்கத்தைப் படிக்கவும் தட்டு இருக்கிறது. நான் சொன்ன அந்தப் பதினான்கு வயதுப் பையனின் ஜர்காட் செல்லில் தூங்கும் வைரஸைப் பொதிந்து, 'ஜே-லாட்' என்று ஒரு மாடல். தண்ணீர் ஊற்றி முளைக்க வைத்துப் பிடுங்கிவிடலாம் என்பது திட்டம். தட்டில் அழகாக முளைத்தது. மனிதர்களில் சில மருந்துகள் வைரஸை எழுப்பக்கூடச் செய்தன. விதையின் கையிருப்பு மட்டும் குறையவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்ட 'பெர்லின் நோயாளி' டிமோதி ரே பிரவுன் போல, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் உலகத்திலேயே இதிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். அதுவும் ரத்தப் புற்றுநோய் போன்ற வியாதிக்காக, உயிரைப் பணயம் வைத்துச் செய்த சிகிச்சையில். இத்தனை பேர் இத்தனை வருஷமாக முட்டி மோதுகிற சுவரை, மூன்று மண்டலத்தில் ஒருவர் தாண்டிவிட்டார் என்று சொன்னால், நான் ஜக்கூருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?

சித்த மருத்துவத்தை நான் இதில் இழுக்கவில்லை. இழுக்க நினைப்பவர்கள் தயவு செய்து கடிதம் எழுத வேண்டாம். எந்த மூலிகையில் எந்தச் சரக்கு ஒளிந்திருக்கிறதோ, தட்டில் போட்டுப் பார்க்கட்டும், செல் பிழைக்கிறதா பார்க்கட்டும், விலங்கில் பார்க்கட்டும், மனிதரில் பார்க்கட்டும். புற்றுநோய்க்காக 1964-ல் செய்து தோற்றுப்போன ஏ.இசட்.டி., 1985-ல் தட்டில் ஹெச்.ஐ.வி.யைத் தடுத்தது. அதோடு கடை திறந்துவிடவில்லை. மனிதர்களில் சோதித்த பிறகே 1987-ல் மருந்தானது. தனியாகக் கொடுத்தபோது வைரஸ் அதையும் ஏய்த்துவிட, மூன்று மருந்தாகச் சேர்க்க வேண்டி வந்தது. வரிசையில் நிற்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். வரிசையில் நிற்காமல் நேராக அரியணையிலிருந்தே மருந்து கொடுத்தவரும் உண்டு. ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டு ஜனாதிபதி யாஹ்யா ஜாமே 2007-ல் மூலிகையால் எய்ட்ஸைக் குணமாக்குவதாகச் சொல்லி, நோயாளிகளின் மாத்திரையை நிறுத்த வைத்தார். பிழைத்தவர்கள் 2018-ல் அவர் மீது வழக்குப் போட்டார்கள். செத்தவர்கள் எப்படிப் போடுவார்கள்?

மஞ்சள் நோட்டீஸ்காரருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். நான் சார்ந்த பத்திரிகைத் தொழிலைச் சொல்கிறேன். 'எய்ட்ஸுக்கு மருந்து: விஞ்ஞானிகள் சாதனை' என்று எத்தனை முறை நீங்கள் படித்திருக்கிறீர்கள்? உள்ளே போனால் ஏழாவது வரியில் 'ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களில்' என்று இருக்கும். ஏழாவது வரியை யார் படிக்கிறார்கள்? தலைப்பைக் கத்தரித்து லேமினேட் செய்து கடையில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு கம்பெனியின் லாபத்தைப் பற்றிச் செய்தி போடும்போது 'காலாண்டு லாபமா, ஆண்டு லாபமா, ஆடிட் ஆனதா' என்று கேட்கிற அதே டெஸ்க், உயிர் விஷயத்தில் கேட்பதில்லை. கேட்க வேண்டியது நான்கே கேள்வி. எந்த செல்? எந்த வைரஸ், பிராய்லரா சேவலா? மருந்து ஊற்றிய பிறகு செல் பிழைத்ததா? மனிதருக்குக் கொடுத்தாயிற்றா? பதில் தலைப்பிலேயே வரட்டும். 'தட்டில் தடுத்தது; மனிதரில் இன்னும் இல்லை' என்று போட்டால் பேப்பர் விற்காது என்பார்கள். விற்காவிட்டால் போகட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-லிருந்தே மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. இந்த இந்த நோய்களைக் குணமாக்குவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளில் ஒரு பட்டியலும் இருக்கிறது. அதில் முதலாவதாக இருக்கும் பெயரே எய்ட்ஸ்தான். அதனால்தான் நோட்டீஸில் 'உயிர்க்கொல்லி நோய்'. வார்த்தையை மாற்றிவிட்டால் சட்டத்துக்குக் கண் தெரியாமல் போய்விடுமா? டிரக் இன்ஸ்பெக்டர் அந்த நம்பருக்கு ஒரே ஒரு போன் போட்டால் போதும். எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்வார்கள்.

கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மாத்திரை வாங்க விருதுநகருக்கோ மதுரைக்கோ போனால், ஒருநாள் கூலி போகிறது. பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு. ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே, யாருக்கும் தெரியாமல், மூன்று மண்டலத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மனசு அந்தப் பக்கம் சாயாதா? சாயும். அந்தப் பக்கம் சாய்ந்து மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே மையத்துக்குப் போய் உள்ளபடி சொல்லுங்கள்; பழையபடி தொடங்கலாம். 2004-லிருந்து மாத்திரை இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் பெயரை மட்டும் தயவு செய்து சொல்லிவிடுங்கள்.